கடலடியில் மண் சரிந்தால் சுனாமி வருமா?

கேள்வி: பூம்புகாரைக் கடல் கொண்ட நினைவில்தான் செட்டிநாட்டு வீடுகளை இத்தனை உயரத்தில் எழுப்பினார்கள் என்பார் எங்கள் அப்பத்தா. சுனாமிக்கு நிலநடுக்கம்தான் காரணம் என்று பள்ளியில் படித்தேன். கடலுக்கடியில் மண் சரிந்தாலும் வருமா?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: வரும். எனக்கு அதை நினைத்துத்தான் கவலை அதிகம்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் ஊருணியைத் தூர் வாரி, அள்ளிய மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டார்கள். ஐப்பசி அடைமழையில் ஊறிய அந்தக் கரை, ஒருநாள் காலையில் மொத்தமாக உள்ளே இறங்கியது. துளி காற்று இல்லை. ஆனாலும் எதிர்ப் படித்துறையில் தண்ணீர் நான்கு படி ஏறி, ஆயா விளக்கி வைத்திருந்த பித்தளைக் குடத்தை உருட்டிக்கொண்டு போனது. குடம் படியில் மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கடலில் சரியும் மண்ணோ ஏற்கெனவே நீருக்குள் கிடப்பது. ஆறுகள் கொண்டுவந்த வண்டல், கரையோர ஆழமற்ற பகுதி முடிந்து கடல் சட்டென்று ஆழமாகும் சரிவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிகிறது. ஒரு நடுக்கத்தில் அது பிடி விட்டு இறங்கும். மண் விலகிய இடத்துக்கு மேலே கடல் தாழ்கிறது. மண் பாயும் பக்கம் எழும்புகிறது. அதுதான் அலையாகிக் கரைக்கு வருகிறது.

1929 நவம்பர் 18 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே 7.2 அளவில் நிலம் நடுங்கியது. அட்லாண்டிக் கடலடியில் கிடந்த 12 தந்தி வடங்கள் அறுந்தன. நடுக்கத்துக்கு அருகில் இருந்தவை உடனே போயின. ஆழத்தில் இருந்தவையோ, 13 மணி நேரத்துக்கும் மேலாக, ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. யாரோ வரிசையாக வெட்டிக்கொண்டே போனதுபோல! நடுக்கத்தில் சரிந்த கடலடி மண், சேற்று வெள்ளமாக ஓடிக்கொண்டிருந்தது. வடங்கள் அறுந்த நேரங்களை வைத்தே அதன் வேகத்தைப் பின்னாளில் கணக்கிட்டார்கள். அந்தச் சரிவு எழுப்பிய அலையில் 28 பேர் இறந்தார்கள்.

2018 டிசம்பர் 22 இரவு இந்தோனேசியாவில் அனாக் கிரகடோவா எரிமலையின் ஒரு பக்கம் கடலில் சரிந்தது. மக்களை உலுக்கி எழுப்ப முன்கூட்டி ஒரு நிலநடுக்கம்கூட வரவில்லை. 400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். என் கவலை இதுதான். 2004இல் சுமத்ராவிலிருந்து நாகப்பட்டினம் வர அலைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சரிவு அலை தூரம் போகப் போக நலிந்துவிடும். பக்கத்துக் கரைக்கோ நிமிடங்களில் வந்துவிடும்.

நாகைப் பக்கம் உறவினர் இருந்தால் சொல்லிவையுங்கள்: கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, வழக்கத்துக்கு மாறாக இரைந்தாலோ, நிலம் நடுங்கியதா என்று விசாரித்துக்கொண்டு நிற்க வேண்டாம். மேட்டுக்கு ஓடட்டும்.