காப்பாளர் விற்ற நிலத்தை மீட்க முடியுமா?

கேள்வி: பெற்றோர் இருவரும் இறந்தபின், எனக்கும் என் தங்கைக்கும் சித்தப்பாவைக் காப்பாளராக மாவட்ட நீதிமன்றம் நியமித்தது. அம்மா பெயரில் இருந்த நிலத்தை, எங்கள் படிப்புச் செலவுக்கென்று அனுமதி பெற்று, எனக்கு 15 வயதாக இருந்தபோது அவர் விற்றிருக்கிறார். வில்லங்கச் சான்று எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நீதிமன்ற உத்தரவில் 30 சென்ட். கிரயப் பத்திரத்தில் 50 சென்ட். எங்கள் பெயரில் வங்கியில் செலுத்தச் சொன்ன தொகையும் செலுத்தப்படவில்லை. எனக்கு இப்போது 20 வயது, தங்கைக்கு 16. அவரது நியமனத்தையும் விற்பனையையும் எதிர்க்க முடியுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முடியும். ஆனால் உங்களுக்கு நாள் அதிகம் இல்லை. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், 60-ஆவது இனத்தின்படி, காப்பாளர் செய்த கிரயத்தை ரத்து செய்யக் கோரும் வழக்கை, மைனராக இருந்தவர் மேஜரான நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும். விற்பனை தெரியவந்த நாள் இங்கே கணக்கில்லை. உங்களுக்கு 21 வயது நிறைவதற்குள் வழக்கு தாக்கலாகிவிட வேண்டும். நீதிமன்றக் காப்பாளர் உள்ள மைனர் 21 வயதில்தான் மேஜராவார் என்ற பழைய விதி 1999-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதை நினைவில் வைத்து யாராவது இன்னும் காலம் இருக்கிறது என்றால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

வழக்கில் என்ன கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். மைனர்களின் நிலத்தைத் தாய் விற்றது தொடர்பாக 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கொன்றில், பிள்ளைகள் நிலத்தை மீட்டுத் தரக் கேட்டார்களே தவிர, கிரயத்தை ரத்து செய்யுமாறு முதலில் கேட்கவில்லை. பிற்பாடு திருத்தம் செய்து அதைச் சேர்த்தபோது மூன்றாண்டு கடந்திருந்ததால் தோற்றார்கள்.

இனி அந்த 50 சென்ட். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புரியோர் சட்டம், 29-ஆவது பிரிவின்படி, நீதிமன்றம் நியமித்த காப்பாளர் முன் அனுமதியின்றி மைனரின் அசையாச் சொத்தை விற்கக் கூடாது. மீறி விற்றால், பாதிக்கப்பட்டவர் 30-ஆவது பிரிவின்கீழ் அதை ரத்து செய்யக் கோரலாம். ஆகவே அனுமதியில் இல்லாத 20 சென்டில் உங்கள் நிலை வலுவாக இருக்கிறது. அனுமதி பெற்ற 30 சென்ட் அத்தனை எளிதல்ல. நீதிமன்ற உத்தரவை நம்பி வாங்கியவருக்குப் பாதுகாப்பு உண்டு. பொய்த் தகவல் தந்தே அனுமதி பெறப்பட்டது என்றோ, வாங்கியவரும் அதில் உடந்தை என்றோ நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். அவசியம் அல்லது மைனருக்குத் தெளிவான நன்மை இருந்தாலன்றி அனுமதி தரக் கூடாது என்றும், அந்தக் காரணத்தை உத்தரவிலேயே எழுத வேண்டும் என்றும் 31-ஆவது பிரிவு சொல்வதால், அனுமதி மனு, உத்தரவு, சொத்து விவர அட்டவணை, அவர் தாக்கல் செய்த கணக்குகள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை இந்த வாரமே விண்ணப்பித்து வாங்குங்கள். பத்திரத்தில் கிரயத் தொகையை அவர் எப்படிப் பெற்றதாக எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ரொக்கமாகப் பெற்றுக்கொண்டதாக இருந்தால், வங்கியில் செலுத்தும் நிபந்தனையோடு அது எப்படிப் பொருந்தும் என்று சித்தப்பாவை நீதிமன்றத்திலேயே கேட்கலாம். அந்தத் தொகைக்கு அவர் கணக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஒருவேளை அதில் ஒரு பகுதி உண்மையிலேயே உங்கள் படிப்புக்குச் செலவாகியிருந்தால், கிரயம் ரத்தாகும்போது அப்பகுதியை வாங்கியவருக்குத் திருப்பித் தரும்படி நீதிமன்றம் சொல்லக் கூடும்.

நியமன உத்தரவைத் தனி வழக்குத் தொடுத்து எதிர்க்க 48-ஆவது பிரிவு இடம் தராது. அதைத் துரத்துவதில் உங்களுக்குப் பயனும் இல்லை, ஏனெனில் நீங்கள் மேஜரானதுமே உங்களைப் பொறுத்தவரை அவரது அதிகாரம் முடிந்துவிட்டது. தங்கைக்காக, நம்பிக்கைத் துரோகத்தையும் உத்தரவு மீறலையும் காட்டி, அவரைக் காப்பாளர் பொறுப்பிலிருந்து நீக்குமாறு 39-ஆவது பிரிவின்கீழ் நீங்களே மனு செய்யலாம். அவளது பங்கு குறித்த மூன்றாண்டு அவளுக்கு 18 வயதான பிறகே தொடங்கும் என்றாலும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வழக்கிலேயே நீங்கள் அடுத்த நண்பராக (மைனரின் சார்பில் வழக்கை நடத்துபவராக) இருந்து அவளையும் வாதியாகச் சேர்க்க முடியுமா என்று உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.