சும்மா என்றால் 'வேலை இல்லாமல்' என்று மட்டும்தான் பொருளா?

இல்லை. செயலின்றி இருப்பது முதல் பொருள், அவ்வளவுதான். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலத்தில் இதை நிறையக் கேட்கலாம். கிழக்குக் கரையான சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையான குளச்சல், தேங்காப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. "போட்டு (படகு) சும்மா கிடக்கு" என்பது சரி. ஆனால் கரையில் வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டு, இஞ்சினைப் பழுதுபார்த்துக்கொண்டு இருப்பவரிடம் "சும்மாதான் இருக்கீங்களா?" என்று கேட்காதீர்கள், அவருக்கு வலிக்கும். வீட்டுவேலை முழுவதையும் சுமக்கும் பெண்களை "வீட்டுல சும்மாதான் இருக்கா" என்பதும் எனக்குப் பொறுக்காது.

அப்புறம், "சும்மா தந்தாரு" என்றால் காசு வாங்கவில்லை. "சும்மா சொன்னேன்", விளையாட்டுக்கு. "சும்மாதான் வந்தேன்", குறிப்பிட்ட காரியம் ஒன்றும் இல்லை. இரட்டித்து "சும்மா சும்மா கூப்பிடாத" என்றால் காரணமில்லாமல் அடிக்கடி என்று பொருள். "சும்மா இரு" மட்டும் குரலைப் பொறுத்தது: அதட்டினால் வாயை மூடு, மெதுவாகச் சொன்னால் கவலையை விடு. "சும்மா சொல்லக் கூடாது, மீன்குழம்பு பிரமாதம்" என்பதில் அது மனதாரப் பாராட்டத் தொடங்கும் சொல். கேரள எல்லையான களியக்காவிளை தாண்டினால், மலையாளத்திலும் இதே சொல் உண்டு, முதல் எழுத்தை மட்டும் 'ச்சு' என்று அழுத்துவார்கள்.