‘நாங்கள்’ செய்தது இருக்கட்டும், நீங்கள் செய்தது என்ன?

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். டெஸ்டிங்கில் தொடங்கி, இப்போது ஒரு வங்கிக்காக வேலை செய்யும் மூன்று குழுக்களின் ரிலீஸ் பணிகளை ஒருங்கிணைத்து வருகிறேன். கடந்த ஆண்டு பணப்பரிமாற்றப் பகுதி தயாராகாததால் ரிலீஸையே இரண்டாகப் பிரித்து வெளியிட்டோம், வங்கித் தரப்பும் ஒப்புக்கொண்டது. இந்த அனுபவத்தை நம்பி, பெரிய தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் புரோகிராம் மேனேஜர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனேன். நான்கு ரவுண்டு முடிந்தபின், “அனுபவம் நன்று, ஆனால் அதில் உங்கள் பங்கு தெளிவாக இல்லை” என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் இன்னொரு பெரிய நிறுவனம் அழைத்திருக்கிறது. கோடிங் கேட்பார்களா, விடுகதை போடுவார்களா, எதைப் படித்துக்கொண்டு போவது?
– ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: படிப்பதற்கு முன், அழைத்திருக்கும் நிறுவனம் இந்தப் பதவியை எந்தப் பொருளில் சொல்கிறது என்று ரெக்ரூட்டரிடம் கேட்டுவிடுங்கள். 1980-களில் மெக்கின்டாஷ் கணினிக்கான எக்செல் உருவானபோது, மைக்ரோசாஃப்டில் ஜேப் ப்ளூமென்தால் என்பவர் செய்த வேலையிலிருந்துதான் அங்கே இந்தப் பதவி வளர்ந்தது. பயனருக்கு என்ன தேவை என்று கண்டறிந்து, ஒரு வசதி எப்படி இயங்க வேண்டும் என்பதை ஸ்பெக்காக (விரிவான எழுத்துக் குறிப்பாக) எழுதி, டெவலப்பர்களோடு கூடவே இருந்து அதை முடித்து வைப்பதே அந்த வேலை. கூகுள், அமேசான் போன்ற இடங்களில் அந்தப் பகுதி பெரும்பாலும் புராடக்ட் மேனேஜருடையது. புரோகிராம் மேனேஜர் என்பவர் பல குழுக்களின் வேலையை ஒரே காலக்கெடுவுக்குள் கோத்துக் கொண்டுவருபவர். பதவியின் பெயருக்கு முன்னால் ‘டெக்னிக்கல்’ என்ற சொல்லும் இருந்தால், ஒரு பெரிய அமைப்பின் பாகங்கள் எப்படி ஒன்றோடொன்று பேசுகின்றன, எது விழுந்தால் எதுவெல்லாம் நிற்கும் என்பதை வரைந்து விளக்கச் சொல்வார்கள். டெவலப்பர் வேலைக்குப் போவோரைப் போலக் கோடிங்கில் வறுத்தெடுப்பது இந்தப் பதவிக்கு அரிது.

எந்தப் பொருளில் எடுத்தாலும் ஒன்று மாறாது: நீங்கள் வேலை வாங்க வேண்டிய டெவலப்பர்களில் ஒருவர்கூட உங்களுக்குக் கீழே இருக்க மாட்டார். அவர்களுடைய சம்பள உயர்வு உங்கள் கையில் இல்லை. அதிகாரமில்லாமல் காரியத்தை நடத்திக் காட்டத் தெரிந்தவரா என்பதைத்தான் ஒவ்வொரு ரவுண்டிலும் வெவ்வேறு வேடத்தில் சோதிக்கிறார்கள். அதனால்தான் உங்களுக்குச் சொல்லப்பட்ட காரணத்தைச் சாக்குப்போக்கு என்று நான் நினைக்கவில்லை.

உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். “ரிலீஸையே இரண்டாகப் பிரித்து வெளியிட்டோம்” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒற்றை வரிக்குள் ஒரு மணி நேர நேர்முகத் தேர்வு இருக்கிறது. பணப்பரிமாற்றப் பகுதி தயாராகாது என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது, யாரும் சொல்லித் தெரிந்ததா, நீங்களே மோப்பம் பிடித்ததா? பிரிக்கலாம் என்று முதலில் சொன்னது யார்? அந்தக் குழுவின் லீட் உடனே தலையாட்டினாரா, தன் குழு மீது பழி விழும் என்று முரண்டு பிடித்தாரா? பிடித்தார் என்றால் எதைக் காட்டி அவரை இறங்கி வரச் செய்தீர்கள்? வங்கிக்கு இந்தச் செய்தியை யார், எந்தச் சொற்களில் சொன்னது? இன்று அதே நிலை வந்தால் எதை மாற்றிச் செய்வீர்கள்? இவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ‘வெளியிட்டோம்’ என்ற சொல் மறைத்துவைத்திருந்தது எவ்வளவு என்பது புலப்படும்.

நான் சில ஆண்டுகள் இத்தகைய தேர்வுகளில் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். பெரியவர்கள் முன்னால் ‘நான், நான்’ என்று பேசுவது தற்பெருமை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள், குழுவின் உழைப்பைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளக் கூசுகிறார்கள். கூச்சம் நல்லதுதான், ஆனால் குழு செய்ததைக் குழுவுக்கும், தான் எடுத்த முடிவைத் தனக்கும் எழுதுவது தற்பெருமை ஆகாது, அது நேர்மையான கணக்கு. “டெவலப்பர்கள் இரவு பகலாக உழைத்தார்கள், எந்தப் பகுதியை முதலில் விடுவது என்பதை நான் முடிவு செய்தேன்” என்று சொல்லிப் பழகுங்கள். முதல் பத்து முறை நாக்கு கூசும்.

வடிவமைப்புக் கேள்வி ஒன்று அநேகமாக இருக்கும். மைக்ரோசாஃப்ட் தேர்வுகளின் பழைய உதாரணமாகச் சொல்லப்படுவது, பார்வையற்ற ஒருவருக்கு அலாரம் கடிகாரம் வடிவமையுங்கள் என்பது. கேட்ட மாத்திரத்தில் “பிரெய்ல் பொத்தான், பேசும் குரல்” என்று அடுக்கத் தொடங்குபவர் பாதியில் தோற்றுவிடுகிறார். அவர் தனியாக வசிக்கிறாரா, விடுதி அறையில் இன்னொருவர் தூங்குகிறாரா? பிறவியிலேயே பார்வை இல்லாதவரா, அறுபது வயதில் இழந்து பிரெய்ல் கற்காதவரா? கையில் ஏற்கெனவே பேசும் செல்போன் இருக்கும்போது தனிக் கடிகாரம் எதற்கு? இப்படிக் கேட்டு, ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அறைத்தோழரை எழுப்பாமல் தலையணைக்கு அடியில் அதிரும் கருவி என்று ஓரிடத்தில் நிற்பவரையே கேட்பவர் குறித்துக்கொள்வார். மற்ற யோசனைகளை ஏன் தள்ளினீர்கள் என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

விடுகதைகளுக்காக நேரத்தைச் செலவிட வேண்டாம். கூகுளின் மனிதவளப் பிரிவுத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2013-இல் நியூயார்க் டைம்ஸுக்கு அளித்த நேர்காணலில், அவற்றால் எதையும் கணிக்க முடியவில்லை, கேட்பவர் தன்னை அறிவாளியாக உணர்வதற்கே அவை உதவுகின்றன என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அழைத்திருப்பது அமேசான் என்றால் மட்டும் கூடுதலாக ஒரு வேலை உண்டு: அவர்களுடைய 16 தலைமைக் கோட்பாடுகள் இணையத்திலேயே இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் உங்கள் அனுபவத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியைத் தயாராக வைத்திருங்கள். அங்கே தேர்வாளர்களில் ஒருவர் ‘பார் ரெய்சர்’ என்ற பெயரில், ஆள் எடுக்கும் குழுவுக்கு வெளியிலிருந்து வருவார். குழுவுக்கு எவ்வளவு அவசரமாக ஆள் தேவைப்பட்டாலும் அவருக்கு அந்த அவசரம் கிடையாது. வேண்டாம் என்று தடுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

தெரியாததைக் கேட்டால்? சுந்தர் பிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் நேர்முகத் தேர்வுக்குப் போன கதையை அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். ஜிமெயில் அறிவிக்கப்பட்ட நாள் அது. அதைப் பற்றிக் கேட்டபோது, ஏப்ரல் முட்டாள் தின விளையாட்டோ என்று அவருக்குச் சந்தேகம். நான்காவதாக வந்தவர் கேட்டபோது பார்த்ததில்லை என்றார், அவர் திறந்து காட்டினார், அடுத்து வந்தவரிடம் அதைப் பற்றிப் பேச முடிந்தது. அவருக்குக் கிடைத்தது புராடக்ட் மேனேஜர் வேலை என்றாலும், “பார்த்ததில்லை” என்று சொல்லும் துணிவு உங்களுக்கும் பயன்படும்.

கேள்வி: தேர்வின் முடிவில் “எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா” என்றால் என்ன கேட்பது? ஒன்றுமில்லை என்று சொன்னால் தவறா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தவறில்லை, ஆனால் வீண். விடுப்பு எத்தனை நாள் என்பதை ரெக்ரூட்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். வேலை செய்பவரே எதிரில் இருக்கும்போது, இரண்டு குழுக்கள் ஒத்துப்போகாவிட்டால் இங்கே இறுதி முடிவை எடுப்பவர் யார் என்று கேளுங்கள். எல்லா ரவுண்டிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள் என்றால், சம்பளம் பேச உட்காருவதற்கு முன் உங்கள் மேலாளராக வரப்போகிறவரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.