வாசகர் கேள்வி – பதில்: மாதங்கி வேடமும் வீட்டுப்பெயரும்

‘புஷ்பா 2’ படத்தில் அல்லு அர்ஜுன் புடவை கட்டி ஆடுகிறாரே, அப்படி ஒரு திருவிழா நிஜமாகவே உண்டா?
– வாசகி, மேலூர்

உண்டு. திருப்பதி தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரை, மே மாத வாக்கில் ஒரு வாரம் நடக்கும். பெண்களைச் சீரழித்த பாளையக்காரன் ஒருவனை வதம் செய்யப் பிறந்தவள் கங்கம்மா என்பது கதை. அவன் பயந்து ஒளிந்துகொள்ள, அவள் நாளுக்கொரு வேடத்தில் தேடுகிறாள். பக்தர்களும் அதே வரிசையில் வேடம் கட்டுகிறார்கள். பைராகி வேடத்துக்கு உடம்பெல்லாம் வெள்ளை நாமக்கட்டி, பண்ட வேடத்துக்குக் குங்குமம், தோட்டி வேடத்துக்குக் கரி. அடுத்தது துரை வேடம். அன்றுதான் பாளையக்காரன் கதை முடிகிறது. படத்தில் அல்லு அர்ஜுன் கட்டும் மாதங்கி வேடம் அதற்கும் மறுநாள். புருஷனைப் பறிகொடுத்த அவன் மனைவிக்கு ஆறுதல் சொல்லப் போகிற கோலம் அது.

படம் சறுக்குவது இங்கேதான். நீல முகம், எலுமிச்சை மாலை, புடவைக்கட்டு எல்லாம் கண்ணுக்கு நிறைவு. ஆனால் ஆறுதல் சொல்ல வேண்டிய கோலத்தை அடித்து நொறுக்கும் கோலமாக்கிவிட்டார்கள். வேடங்களின் வரிசை தெரியாதவர் மாதங்கி என்றாலே ஆவேசம் என்று நினைத்துவிடுவார். அதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது. புடவை கட்டிய ஆண் என்றால் சிரிப்புக்காட்சி என்று பழகிப்போன திரையில், ஒரு மாஸ் ஹீரோ அந்தக் கோலத்தில் நின்று பெண் குழந்தை வேண்டுவது பெரிய விஷயம்.

இன்னொன்று: கங்கம்மாவை ஏழுமலையானின் தங்கை என்பார்கள். ஜாத்திரைக்குத் தேவஸ்தானத்திலிருந்து பட்டுப்புடவை, மஞ்சள், குங்குமம் சீராகப் போகும். அழகரை மீனாட்சிக்கு அண்ணனாக வைத்துச் சித்திரைத் திருவிழா பார்க்கும் நமக்கு இது அந்நியமே இல்லை.

கதாநாயகன் பெயருக்காக அவ்வளவு ஏங்குவது ஏன்?
– வாசகர், உசிலம்பட்டி

அது வீட்டுப்பெயர், தெலுங்கில் ‘இண்டி பேரு’. நம் இனிஷியல் அப்பா பெயர். அவர்களுடையது வம்சத்தின் பெயர். என்.டி.ராமாராவில் ‘என்’ என்பது நந்தமூரி. படத்தில் புஷ்பாவுக்கு அந்தப் பெயரை மறுப்பவன் அப்பாவின் மூத்த தாரத்து மகனான அண்ணன். அவன் மறுத்தால் குடும்பமே மறுத்ததாக அர்த்தம். நம் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களிலும் சம்பந்தம் பேசும்போது வீட்டுப்பெயரை விசாரிப்பார்கள். ஒரே பெயரென்றால் பங்காளி, பேச்சு அதோடு நின்றுவிடும்.

கல்லூரி விழாவில் அந்த வேடத்தில் ஆடப்போகிறோம். சாயம், மாலை எல்லாம் எப்படித் தயார் செய்வது?
– மாணவர், திருமங்கலம்

துணிச்சாயம், போஸ்டர் கலர் இரண்டும் வேண்டாம், தோல் எரியும். தண்ணீரில் கரையும் முகச்சாயம் வாங்கி, முந்தின நாளே முழங்கை மடிப்பில் தடவிப் பாருங்கள். முகத்தில் எண்ணெய்ப்பசை இருந்தால் சாயம் திட்டுத்திட்டாக நிற்கும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, ஈர ஸ்பாஞ்சில் மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்தபின் இன்னொன்று. ஒரேயடியாக அப்பினால் வாயோரம் வெடிக்கும். கடைசியில் பவுடரை ஒற்றி எடுத்தால் வியர்வை கொஞ்சம் தாங்கும். கலைக்கத் தேங்காய் எண்ணெய், பிறகு சோப்பு.

எலுமிச்சை 51 போதும். காய் 40 கிராம் என்றால் அதுவே 2 கிலோ. 101 கோத்தால் 4 கிலோ, ஆடும்போது கழுத்து தாங்காது. பழுத்தது கிழியும், கெட்டியான காயாக எடுங்கள். கோணி ஊசியில் இரட்டை நூல், பத்துக் காய்க்கு ஒரு முடிச்சு. முடிச்சு இல்லாமல் நூல் அறுந்தால் மேடை முழுக்க உருண்டு, வெறுங்காலில் ஆடுகிறவர் வழுக்கி விழுவார். ஊசித்துளையில் சாறு கசியும். துடைத்து ஒரு மணி நேரம் காயவிட்ட பிறகே போடுங்கள். இல்லையென்றால் சாயம் வழியும், தோலும் காந்தும்.

ஆறு கஜத்தில் காலைத் தூக்கி ஆட முடியாது. ஒன்பது கஜம், கச்சம் வைத்து, உள்ளே இறுக்கமான கால்சட்டை. மதுரை புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர்கள் சாமி வேடத்துக்குத் தைத்துப் பழகியவர்கள். புடவையைக் கொடுத்தால் கச்சத்தை நிலையாகவே தைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். சலங்கைக்கு அடியில் துணி சுற்றாவிட்டால் கணுக்கால் உரிந்துவிடும்.

சாமி வந்ததுபோல் நடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பார்க்க வருகிறவர்களில் விரதம் இருந்து வேடம் கட்டுகிறவர்களும் இருப்பார்கள்.