திராட்சை ஆய்வுக்கு உதவித்தொகை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தோட்டக்கலையில் முதுகலை முடிக்கப்போகிறேன். திராட்சை சாகுபடி, ஒயின் தயாரிப்பில் உதவித்தொகையோடு ஆய்வு செய்ய யாரை அணுக வேண்டும்?

பதில்: பணம் எந்த வழியாக வருகிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் அது பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்துக்குள்ளேயே இருக்கும். மாணவருக்கான மாதத் தொகையும் அதில் அடக்கம். கலிஃபோர்னியாவின் டேவிஸ், ஜெர்மனியின் கைசன்ஹைம், தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் போன்ற பல்கலைக்கழகங்களில் ஒரு பேராசிரியர் அண்மையில் வெளியிட்ட இரண்டு மூன்று கட்டுரைகளைப் படித்துவிட்டு, அவற்றில் விடுபட்டிருக்கும் ஒரு கேள்வியைச் சொல்லி அவருக்கு ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ‘உங்கள் துறையில் ஆர்வம் உண்டு’ என்று மட்டும் எழுதும் கடிதத்துக்குப் பதில் வருவது அரிது.

அடுத்தது தொழில் அமைப்புகள். விவசாயிகளும் ஒயின் ஆலைகளும் கட்டும் தீர்வையை ஆய்வுக்குச் செலவிடும் ‘ஒயின் ஆஸ்திரேலியா’ முனைவர் பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. இங்கே உங்கள் கேள்வி தோட்டக்காரருக்குப் பயன்பட வேண்டும். சர்வதேசத் திராட்சை, ஒயின் அமைப்பான ஓ.ஐ.வி. குறுகிய கால ஆய்வு மானியம் தருகிறது. உங்கள் நாடு அதில் உறுப்பினரா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: கவாத்து (கொடியை வெட்டிச் சீராக்கும்) முறைகளை ஒப்பிட ஓராண்டுத் திட்டம் அனுப்பினேன். காலம் போதாது என்று திருப்பிவிட்டார்கள். ஏன்?

பதில்: திருப்பியதில் நியாயம் இருக்கிறது. இந்தப் பருவத்தில் வரும் குலைகளின் கரு, போன பருவத்தில் கொடி பூக்கும் சமயத்திலேயே மொட்டுக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் இந்த ஆண்டு கவாத்தை மாற்றினால் மொட்டுகளின் எண்ணிக்கை உடனே மாறும். மொட்டு எவ்வளவு காய்க்கும் என்பதில் அதன் விளைவு அடுத்த ஆண்டுதான் தெரியும். ஆகவே குறைந்தது இரண்டு பருவம் கேளுங்கள். ஓராண்டுதான் என்றால் கேள்வியை மாற்றுங்கள்: இலை நீக்கம், அறுவடை நாள், ஈஸ்ட் வகை போன்றவற்றுக்கு ஒரு பருவத்தில் முதல் விடை கிடைக்கும்.

தொடங்கும் தேதியிலும் பலர் தவறுகிறார்கள். வட கோளத்தில் அறுவடை ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, தென் கோளத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. மொட்டு வெடித்த (கொடி தளிர்விடத் தொடங்கிய) பிறகு வந்து சேரும் பணத்தால் அந்தப் பருவத்தின் முதல் அளவீடுகள் போய்விடும். எனவே மொட்டு வெடிப்பிலிருந்து பின்னோக்கி எண்ணி அட்டவணை போடுங்கள்.

கேள்வி: ஒயின் பரிசோதனைக்கு எவ்வளவு பழம் கேட்பது?

பதில்: ஒப்பிட்டுப் பார்க்கும் மூன்று முறைகள் (ஆய்வு மொழியில் ‘சிகிச்சை’) என்று வைத்துக்கொள்வோம், ஒவ்வொன்றுக்கும் மூன்று தனிப் பாத்திரங்கள், ஆக ஒன்பது. பாத்திரத்துக்கு 20 லிட்டர் சிவப்பு ஒயின் வேண்டுமென்றால் சுமார் 30 கிலோ பழம். ஒரு கிலோவுக்கு 0.6 முதல் 0.7 லிட்டர்தான் தேறும். மொத்தம் 270 கிலோ, சேதாரத்தோடு 300. நொதிக்கும்போது தோல் மேலெழும்பும், அதனால் 50 லிட்டர் பாத்திரம் தேவை. நொதித்தல் முடிந்ததும் விளிம்புவரை நிரம்பும் சிறு பாத்திரங்களுக்கு மாற்றுங்கள். மேலே காற்றிடம் விட்டால் ஒயின் வினிகராகத் திரும்பும், பரிசோதனையே வீண். ஒயின் கெடாமல் இருக்க லிட்டருக்கு 50 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடு சேர்க்க, 20 லிட்டருக்கு 1.75 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் போதும். அதன் எடையில் சுமார் 57 சதவீதம்தான் கந்தக டை ஆக்சைடு.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஒரே சிகிச்சையின் பழத்தையெல்லாம் கொட்டிக் கலந்து மூன்று பாத்திரங்களில் பிரித்தால் அது மூன்று ரெப்ளிகேஷன் (ஒன்றையொன்று சாராத மறுசோதனை) ஆகாது. தோட்டத்தின் ஒவ்வொரு பாத்தியும் தனிப் பாத்திரத்துக்குப் போக வேண்டும். உங்கள் விண்ணப்பத்தை மதிப்பிடுபவர்கள் முதலில் தேடும் குறை இதுதான்.

கேள்வி: ஒயின் குடிக்காதவர் இத்துறையில் சேரலாமா?

பதில்: தாராளமாக. கொடியின் நோய், வேர், மண், நீர் ஆய்வுகளில் சுவைக்கும் வேலையே இல்லை. சுவை மதிப்பீட்டிலும் வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவதுதான் வழக்கம்.