செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்குரிய நொதிகளைச் செல் எப்படிப் பிரித்து அனுப்புகிறது? போகும் வழியில் அவை செல்லையே ஏன் செரித்துவிடுவதில்லை?

இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பார்ப்பது நல்லது. பிரித்தனுப்பும் வேலை, நொதியை விழிக்கவிடும் வேலை இரண்டுக்குமே சாவி அமிலத்தன்மைதான். லைசோசோமின் உள்ளே பிஎச் 4.5 முதல் 5 வரை (எண் குறையக் குறைய அமிலம் கூடும்). வெளியே சைட்டோபிளாசத்தில் ஏறத்தாழ 7.2. பாடப்புத்தகங்கள் ‘மேனோஸ்-6-பாஸ்பேட் (மேனோஸ் சர்க்கரையில் பாஸ்பேட் ஏறிய அடையாளம்) ஒட்டப்படுகிறது, ஏற்பி (அதை அடையாளம் கண்டு பிடிக்கும் சவ்வுப் புரதம்) பிடிக்கிறது, லைசோசோமுக்குப் போகிறது’ என்று மூன்று வரியில் முடித்துவிடும். உண்மையான சூட்சுமம் அந்த மூன்று வரிக்கு நடுவில் இருக்கிறது.

லைசோசோமுக்குள் கரைந்திருக்கும் நீராற்பகுப்பு நொதிகள் சுமார் 60 வகை. செல்லுக்கு வெளியே சுரக்கப்படும் புரதம் எப்படி உருவாகிறதோ அப்படியேதான் இவையும் உருவாகின்றன. முனையில் ஒரு சமிக்ஞைத் துண்டு, அதைப் பிடித்துக்கொண்டு எண்டோபிளாச வலைக்குள் நுழைவு, உள்ளே அந்தத் துண்டு வெட்டப்படுவது, பிறகு அஸ்பரஜின் என்ற அமினோ அமிலத்தின் மீது 14 சர்க்கரை அலகுகள் கொண்ட ஒரு கிளை மொத்தமாக ஏற்றப்படுவது. இதில் 9 மேனோஸ், 3 குளுக்கோஸ், 2 என்-அசிட்டைல்குளுக்கோஸமின். இதுவரை நொதிக்கும் சுரப்புப் புரதத்துக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. அடையாளம் எதுவும் கிடைக்காவிட்டால் பெரும்பாலான நொதிகளின் கதி வெளியே சுரக்கப்படுவதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் நோய் சட்டென்று புரியும்.

கோல்கியின் நுழைவுப் பக்கத்தில் பாஸ்போடிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதி காத்திருக்கிறது. இது சர்க்கரையைச் சுமந்து வரும் மூலக்கூறான யூடிபி-என்-அசிட்டைல்குளுக்கோஸமினிலிருந்து என்-அசிட்டைல்குளுக்கோஸமினையும் ஒரு பாஸ்பேட்டையும் சேர்த்தே எடுத்து, மேனோஸின் 6ஆம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் மீது ஏற்றுகிறது. அதாவது பாஸ்பேட் முதலில் மூடியோடு வருகிறது. கோல்கியின் வெளியேறு பக்கத்தில் இரண்டாவது நொதி அந்த மூடியைக் கழற்றிய பிறகே மேனோஸ்-6-பாஸ்பேட் வெளியே தெரிகிறது. இரண்டு படிகளில் முதல் படியே தீர்மானிக்கும் படி, தேர்ந்தெடுப்பது அதுதான்.

எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறது? சர்க்கரைக் கிளையை வைத்து அல்ல. அதே கிளை சுரப்புப் புரதங்களிலும் இருக்கிறது. வரிசையாக வரும் சில அமினோ அமிலங்களையும் அல்ல. நொதியை வெப்பத்தாலோ வேதிப்பொருளாலோ குலைத்துவிட்டால் இந்த ஏற்றம் பெரிதும் குறைந்துவிடுகிறது. ஆகவே பார்க்கப்படுவது மடிந்து முடிந்த புரதத்தின் மேற்பரப்பு; அதிலும் லைசின்கள் அமைந்திருக்கும் விதம். இதற்கான மிக அழகான சான்று, என் பார்வையில், லைசோசோமில் புரதம் உடைக்கும் நொதியான கதெப்சின் டி-யையும் இரைப்பை நொதி பெப்சினின் முன்னோடியான பெப்சினோஜனையும் வைத்துச் செய்த சோதனை. இரண்டும் மடிப்பில் நெருங்கிய உறவினர். ஆனால் பெப்சினோஜன் சுரக்கப்படுவது. சர்க்கரைக் கிளை ஏற்கும் வசதி செய்யப்பட்ட பெப்சினோஜனில், கதெப்சின் டி-யின் 203ஆம் லைசினையும் 265 முதல் 292 வரையுள்ள துண்டையும் பொருத்தியதும், அதற்கும் மேனோஸ்-6-பாஸ்பேட் கிடைக்கத் தொடங்கியது. வரிசையில் தள்ளித் தள்ளி இருக்கும் இந்தப் பகுதிகள் மடிந்த பிறகே ஒரே முகப்பில் வந்து சேர்கின்றன. இதனால் ஒரு நன்மையும் உண்டு: சரியாக மடியாத நொதிக்கு அடையாளம் கிடைப்பது கடினம்.

அடையாளம் ஏறியவற்றைப் பிடிக்க இரண்டு ஏற்பிகள் உள்ளன. ஒன்று சுமார் 46 கிலோடால்டன் (புரதங்களின் நிறையை அளக்கும் அலகு), மற்றது சுமார் 300 கிலோடால்டன். பெரியது இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-2ஐயும் பிடிக்கும். ஏற்பியின் வால் சைட்டோபிளாசத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். ஜிஜிஏ, ஏபி-1 ஆகிய இணைப்புப் புரதங்கள் அதைப் பற்றிக்கொள்ள, வெளியில் கிளாத்ரின் கூடை கட்டப்பட்டுப் பை கிள்ளி எடுக்கப்படுகிறது. பை போய்ச் சேருவது லைசோசோமுக்கு முந்தைய இடைநிலைப் பையான எண்டோசோமுக்கு. நேரே லைசோசோமுக்கு அல்ல.

இங்கேதான் பிஎச் வேலை செய்கிறது. கோல்கியின் வெளியேறு பக்கத்தில் பிஎச் 6-க்கும் 6.5-க்கும் இடைப்பட்டது, அங்கே ஏற்பி நொதியை இறுக்கமாகப் பிடிக்கும். எண்டோசோமில் பிஎச் 6-க்குக் கீழே போனதும் பிடி தளர்கிறது. நொதி லைசோசோமை நோக்கிப் போக, வெறுங்கையோடு நிற்கும் ஏற்பி ரெட்ரோமர் முதலான புரதங்களின் துணையோடு கோல்கிக்குத் திரும்புகிறது. ஒரே ஏற்பி பலமுறை போய் வருகிறது. லைசோசோமுக்குள் அது காலெடுத்து வைப்பதில்லை. அதனால்தான் நுண்ணோக்கியில் இந்த ஏற்பி இல்லாமல் லேம்ப்-1 என்ற சவ்வுப் புரதம் மட்டும் இருக்கும் அமிலப் பையை லைசோசோம் என்றும், இரண்டும் இருந்தால் பிந்தைய எண்டோசோம் என்றும் பிரிக்கிறார்கள்.

இந்தச் சுற்று எங்கே உடையும் என்பதைக் காட்ட அம்மோனியம் குளோரைடோ குளோரோகுயினோ போதும். இவை அமிலத்தை மட்டுப்படுத்துகின்றன. ஏற்பி சரக்கை விடுவதில்லை. காலி ஏற்பிகள் கோல்கியில் தீர்ந்துபோகின்றன. புதிதாக வரும் நொதிகள் வெட்டப்படாத முன்னோடி வடிவத்திலேயே செல் வளரும் ஊடகத்தில் கொட்டுகின்றன. அடையாளம் சரியாக இருந்தும் விநியோகம் கெடுகிறது.

இனி இரண்டாவது கேள்வி. பல நொதிகள், குறிப்பாகப் புரதம் உடைப்பவை, தடுப்புத் துண்டோடுதான் பயணம் செய்கின்றன. கதெப்சின் டி-யை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னோடி 52 கிலோடால்டன். அதில் 44 அமினோ அமில நீளத் துண்டு ஒன்று வினைமையத்தின் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருக்கும். நேர்மின்சுமை கொண்ட லைசின், ஆர்ஜினின்களும் எதிர்மின்சுமை கொண்ட அமிலப் பக்கங்களும் ஒன்றையொன்று ஈர்ப்பதே அதன் பூட்டு. பிஎச் குறைந்தால் அமிலப் பக்கங்கள் புரோட்டானை ஏற்று மின்சுமையை இழக்கின்றன, பூட்டு தளர்கிறது. துண்டு வெட்டப்பட்டு 48 கிலோடால்டன் வடிவம் வருகிறது. லைசோசோமில் அது 34, 14 என்ற இரு சங்கிலிகளாகிறது. இந்த வெட்டுகளில் கதெப்சின் பி, எல் போன்றவை பங்கெடுக்கின்றன. பாம்பே (Pompe) நோயில் குறைபடும் அமில ஆல்ஃபா-குளுக்கோசிடேஸும் இதுபோல் 110 கிலோடால்டனில் தொடங்கி 95 வழியாக 76, 70 என்று சுருங்கும். தப்பித்தவறிச் சிறிது கசிந்தாலும் சைட்டோபிளாசத்தின் பிஎச்சில் பெரும்பாலானவை செயலிழக்கும். சிஸ்டாட்டின் போன்ற தடுப்பான்களும் அங்கே உண்டு. பெருமளவில் கசிந்தால் இந்தப் பாதுகாப்பு போதாது, செல் சாகும்.

முதல் படி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஐ-செல் நோய் காட்டுகிறது. ஜிஎன்பிடிஏபி மரபணுப் பிறழ்வால் பாஸ்போடிரான்ஸ்ஃபரேஸ் வேலை செய்வதில்லை. நொதிகள் எல்லாம் தயாராகின்றன, ஆனால் வெளியே போய்விடுகின்றன. நார்முன் செல்களில் (இணைப்புத் திசுவின் ஃபைப்ரோபிளாஸ்ட்களில்) லைசோசோம்கள் செரிக்காத பொருளால் வீங்கி நிற்கும். இரத்தச் சீரத்தில் அதே நொதிகளின் அளவு பல மடங்கு உயர்ந்திருக்கும். நோயறிதலில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: வெள்ளணுக்களில் மட்டும் நொதிகளை அளந்தால் ஏறத்தாழ இயல்பாகவே வந்துவிடலாம், ஏனென்றால் சில செல்வகைகளுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. சீரத்தையும் வளர்த்த நார்முன் செல்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காஷர் (Gaucher) என்ற மற்றொரு லைசோசோம் நோயோடு தொடர்புடைய குளுக்கோசெரிப்ரோசிடேஸும் இந்த நோயில் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை; அது மேனோஸ்-6-பாஸ்பேட்டை நம்பாமல் லிம்ப்-2 என்ற சவ்வுப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு எண்டோபிளாச வலையிலிருந்தே பயணிக்கிறது.

பெரிய ஏற்பி செல் மேற்பரப்பிலும் கொஞ்சம் இருக்கும். வெளியே தப்பிய நொதியை மீண்டும் உள்ளே இழுக்கும். 1968இல் எலிசபெத் நியூஃபெல்டின் குழு வெவ்வேறு லைசோசோம் நொதிகள் குறைபடும் ஹர்லர், ஹன்டர் நோய்களின் செல்களைச் சேர்த்து வளர்த்தபோது ஒன்றின் குறையை மற்றொன்று சரிசெய்தது இதனால்தான். பாம்பே நோய்க்குச் சிரை வழி ஏற்றும் நொதியும் இதே வாசலில்தான் நுழைகிறது. அதன் கிளைகளில் மேனோஸ்-6-பாஸ்பேட் குறைவாக இருந்தால் தசைக்குள் போவதும் குறைகிறது.

ஆய்வகத்தில் இதைச் சோதிப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஊடகத்தில் சேரும் நொதியை அளக்கும்போது 5 மில்லிமோலார் மேனோஸ்-6-பாஸ்பேட் சேருங்கள். இல்லாவிட்டால் செல்கள் அதை மீண்டும் உள்ளே எடுத்துக்கொண்டு சுரப்பைக் குறைத்துக் காட்டும். அடுத்தது, கோல்கியில் சிக்கலான வடிவத்துக்கு மாறாத சர்க்கரைக் கிளைகளை மட்டும் வெட்டும் எண்டோ எச் என்ற நொதி வெட்டினால் உடனே ‘நொதி எண்டோபிளாச வலையிலேயே தங்கிவிட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். பாஸ்பேட் ஏறிய மேனோஸ் கிளைகள் கோல்கியைக் கடந்த பின்னும் சிக்கலான கிளைகளாக மாறுவதில்லை. லைசோசோமில் உட்கார்ந்திருக்கும் முதிர்ந்த நொதியையும் எண்டோ எச் வெட்டும்.