அண்ணனுக்குப் பல்லி என்றால் பயம்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். வயது 43. 1999 கார்கில் போரில் என் அண்ணன் இறந்தபோது அவனுக்கு 23, எனக்கு 17. ஆண்டுதோறும் ஜூலை 26 அன்று அவன் படித்த பள்ளியில் படத்துக்கு மாலை போட்டு, என்னைப் பேசச் சொல்வார்கள். ‘அஞ்சா நெஞ்சன்’ என்று தொடங்கி ஐந்து நிமிடம் பேசுவேன். எல்லாம் மனப்பாடம்.

போன மாதம் என் மகன், “மாமா எப்படி இருப்பார் அம்மா?” என்று கேட்டான். வாயைத் திறந்தால் அந்த மேடைப் பேச்சுதான் வந்தது. அன்றிரவு தூங்கவில்லை.

அஞ்சா நெஞ்சனா? பல்லியைக் கண்டால் கட்டில் மேல் ஏறி நிற்பான். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் மூன்றாம் முறைதான் தேறினான். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்விட்டு வந்து, சைக்கிள் பஞ்சர் என்பான். சட்டைப்பையில் மணல் இருக்கும். இதையெல்லாம் பேசினால் அம்மா, “தெய்வமாகிவிட்ட பிள்ளையை இப்படியா பேசுவது?” என்று அழுகிறார்.

இன்னொன்று. ஜூன் மாதம் அவனிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மல்லாட்டை உருண்டை சாப்பிட ஆசை, நாய்க்குட்டி வளர்ந்துவிட்டதா என்றெல்லாம் எழுதியிருந்தான். நாளை, நாளை என்று பதிலைத் தள்ளிப்போட்டேன். அதற்குள் பெட்டி வந்துவிட்டது. வந்த ராணுவத்தாரைப் பார்த்துக் குரைத்ததால், நாயைப் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில் கட்டிவைத்தோம். இத்தனை ஆண்டு கழித்து இதற்கெல்லாம் அழுவது நோயா? இந்த ஜூலையில் மேடை ஏறவே மனமில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரி,

நோய் இல்லை. அன்றைக்கு அழ வேண்டியதை இன்றைக்கு அழுகிறீர்கள்.

1965, 1971 போர்களில் இறந்தவர்களைப் பெரும்பாலும் போர்முனையருகிலேயே எரியூட்டிவிட்டு, உடைமைகளை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கார்கிலில்தான் உடல்கள் இப்படி ஊர் ஊராக வந்தன. உடலோடு கூட்டமும் கொடியும் கேமராவும் வந்தன. உங்கள் வீட்டுத் துக்கம் ஒரே நாளில் ஊர்த் துக்கமாகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் 17 வயதுத் தங்கையிடம் யார் என்ன கேட்டிருப்பார்கள்? “அம்மாவைப் பார்த்துக்கொள்” என்றிருப்பார்கள். நீங்களும் பார்த்துக்கொண்டுவிட்டீர்கள்.

கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். கடலூரில் நீங்கள் அன்றே பதில் போட்டிருந்தாலும், அது டெல்லி போய், அவருடைய படைப்பிரிவைத் தேடி மலையேற வேண்டும். சண்டை நடக்கும்போது படைப்பிரிவு ஓரிடத்தில் இராது. பதில் தாமதித்தது உண்மைதான், அதை மழுப்ப மாட்டேன். ஆனால் பதில் வராத ஏக்கத்தோடு அண்ணன் போனார் என்பது நீங்களாகச் சேர்த்துக்கொண்டது. தங்கை சோம்பேறி என்பது அவருக்குத் தெரியாதா?

இறந்தவரை மறந்தால்தான் தேற முடியும் என்று உளவியலிலும் நீண்ட காலம் நம்பினார்கள். 1996இல் கிளாஸ், சில்வர்மேன், நிக்மன் என்ற மூவர் அதை மறுத்தார்கள்: உறவு முடிவதில்லை, வடிவம் மாறித் தொடர்கிறது என்றார்கள். நம் வீடுகளில் படையல் போடும் எவருக்கும் இது புதுச் செய்தி அல்ல. ஆனால் படையலில் கூட அவரவருக்குப் பிடித்ததைத்தான் வைக்கிறோம். ‘அஞ்சா நெஞ்சன்’ என்பவருக்கு எதைப் படைப்பது? உங்கள் அண்ணனுக்கு என்றால் மல்லாட்டை உருண்டை வைக்கலாம்.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். பிள்ளை வீணாகச் சாகவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இத்தனை ஆண்டுகள் நடந்திருக்கிறார். அதை ஏன் பிடுங்க வேண்டும்? “அண்ணனுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும்?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அடுப்படியில் அண்ணன் தெய்வமாக இருக்க மாட்டார்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீரனின் பக்கத்தில் ஒரு நாய். கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதாக, கோவிவன் என்று அந்த நாயின் பெயரையும் சொல்லி வெட்டிவைத்திருக்கிறார்கள். வீரக்கல்லில் நாய்க்கு என்ன வேலை என்று அந்தச் சிற்பி கேட்கவில்லை. ஒலிபெருக்கிப் பேச்சுகளைவிட எனக்கு அந்தக் கல் பிடிக்கும்.

மேடை ஏறுவது உங்கள் விருப்பம். ஏறினால், அம்மாவிடம் முன்பே சொல்லிவிட்டு, பல்லிக் கதையைச் சொல்லுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416 டெலி மானஸ் எண்ணிலும் இலவசமாகப் பேசலாம்.

அண்ணனின் கடிதத்தை மகனுக்குப் படித்துக்காட்டுங்கள். நாயின் பெயரை எனக்கு எழுத மறந்துவிட்டீர்கள், அவனிடமாவது சொல்லிவிடுங்கள்.